சின்னவள் ஏன் இப்படி என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பதிலை ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சின்னவள் கத்துவாள், நீ ஓடுவாய், பேச்சு பாதியில் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். ராத்திரி அவளுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி, அவசரமில்லை.

"பெரியவனை வளர்த்த அதே கைதானே அம்மா இது? பிறகு இவள் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறாய். சட்டை மாற்றினால் அலறல். புது ஆள் வாசலில் நின்றால் அலறல். கேரட்டை மசித்து ஊட்டினால் உன் முகத்திலேயே துப்பல். தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. பெரியவன் இதே வயதில் யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு தாவினான், வைத்த இடத்தில் தூங்கினான். உன் அத்தை, "மாசமாக இருந்தபோது நீ டென்ஷனாகவே இருந்தாய், அதுதான்" என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள், நீ ஓடி ஓடித் தூக்குவதால்தான் அவள் கெட்டுப்போகிறாள் என்கிறாள். ஒருவர் உன் வயிற்றைக் குறை சொல்கிறார், இன்னொருவர் உன் கையை. இரண்டுமே நீதான்.

உன் கேள்வியை ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்னால், நீ இருக்கிற ஜெர்சி சிட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற அக்கரையில், நியூயார்க்கில், ஒரு கணவனும் மனைவியும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் அதற்கே வாழ்நாளைக் கொடுத்தார்கள். நான் மனையியல் துறையில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்திய காலம் முழுக்க அவர்கள் பெயர் சிலபஸில் இருந்தது. பரீட்சைக்கு அது ஐந்து மார்க் கேள்வி. குழந்தைகள் மூன்று வகை என்று பெண்கள் மனப்பாடமாக எழுதிவிட்டுப் போவார்கள், நானும் மார்க் போட்டுவிடுவேன். உனக்கு இப்போது வேண்டியது அந்த ஐந்து மார்க்குக்கு வெளியே இருக்கிறது.

ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ். இருவரும் 1914இல் பிறந்தவர்கள், 1938இல் கல்யாணம் செய்துகொண்டவர்கள், இருவரும் மனநல மருத்துவர்கள். அந்த அம்மாள் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்கிற உளவியலாளர் தம்பதி தொடங்கிய நார்த்சைடு குழந்தைகள் மையத்திலும் வேலை பார்த்தவர். வீட்டில் நான்கு பிள்ளைகள், நான்கும் நான்கு விதம். வெளியில் சிகிச்சைக்கு வருகிற குடும்பங்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். அப்பா அம்மா இருவரும் தங்கமானவர்கள், பிள்ளை தடுமாறி நிற்கிறது. வேறொரு வீட்டில் எல்லாமே கோணல், பிள்ளை நிமிர்ந்து நடக்கிறது. அவர்கள் படித்த படிப்பில் இதற்கு விளக்கம் இல்லை.

அன்றைய அமெரிக்காவில் இரண்டு கட்சி. ஒன்று ஃப்ராய்டின் வழி வந்தவர்கள். குழந்தைக்கு எது என்றாலும் தாயிடம் போய் நிற்பார்கள். மற்றது வாட்சனின் நடத்தைக் கோட்பாட்டுக்காரர்கள். ஆரோக்கியமான ஒரு டஜன் குழந்தைகளைக் கொடுங்கள், யாரை வேண்டுமானாலும் டாக்டராகவோ வக்கீலாகவோ திருடனாகவோ வளர்த்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டவர் அவர். இரண்டு கட்சிக்கும் ஆகாது, ஆனால் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: குழந்தை வெற்றுப் பலகை, எழுதுகிறவர் பெற்றவர். எழுத்து கோணினால் யார் கை நடுங்கியது என்று தேடுவார்கள். ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் வந்த பிள்ளையின் அம்மாவுக்கு அதற்கென்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மாவை 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்றார்கள், அவள் பாசமில்லாமல் சில்லிட்டுப் போனதால்தான் பிள்ளை அப்படி ஆனதாம். நம் ஊரில் 'தாயைப் போல பிள்ளை' என்று ஒரு வரியில் சொல்லி முடித்ததை அங்கே பெரிய பெரிய புத்தகங்களாக எழுதி வைத்திருந்தார்கள். அதை ஆஸ்பத்திரியில் கோட் போட்ட ஒருவர் வாயால் கேட்ட அம்மாக்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

செஸ்ஸுக்கும் ஆறவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் தாயே காரணம் என்கிற அந்த வியாதியைக் கிண்டல் செய்து 1964இல் ஒரு குட்டிக் கட்டுரையே எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில் ருபெல்லா என்கிற ஜெர்மன் அம்மை பரவியது. வயிற்றில் இருக்கும்போதே அதன் தாக்குதலுக்கு ஆளாகிப் பிறந்த 243 குழந்தைகளை அவர் பிற்பாடு கவனித்தார். அவர்களில் 18 பேரிடம் ஆட்டிசத்தின் அடையாளங்கள் முழுதாகவோ பாதியாகவோ இருந்தன. ஆட்டிசம் எவ்வளவு அரிதானது என்று அந்த நாளில் நினைத்திருந்தார்களோ, அதோடு ஒப்பிட்டால் இது மிக மிக அதிகம். ஒரு வைரஸ் செய்த வேலை அது. தாயின் பாசம் சில்லிட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த அம்மாளுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். 1956இல் தொடங்கினார்கள். நியூயார்க்கிலும் சுற்றுப்புறத்திலும் எண்பத்துச் சொச்சம் குடும்பங்கள், 133 குழந்தைகள். குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போது முதல் பேட்டி. ஒன்றரை வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. பள்ளியில் டீச்சரிடம் கேட்டார்கள். பதினாறு பதினேழு வயதில் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசினார்கள், அதற்குப் பிறகு பெரியவர்களாக ஆனபோதும் பேசினார்கள். இத்தனை வருஷத்தில் கழன்றுகொண்ட குடும்பங்கள் மிகக் குறைவு. ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டே இருக்கிற அமெரிக்கர்கள் மத்தியில் இது எனக்குப் பெரிய அதிசயம். மூன்று வருஷ பிராஜெக்டை முடிப்பதற்குள் பாதிப் பேர் ஃபோனை எடுக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் பேட்டி எடுத்த விதத்தைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். "குழந்தைக்கு அந்தக் கஞ்சி பிடிக்கவே இல்லை" என்று ஓர் அம்மா சொன்னால் அதை எழுதிக்கொள்ள மாட்டார்கள். "என்ன செய்தது?" என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டதா, தலையைத் திருப்பியதா, துப்பியதா, ஓங்கி அழுததா? மறுபடி கொடுத்தபோது? ஒரு வாரம் கழித்துக் கொடுத்தபோது? முதல் குளியல், முதல் திட உணவு, புது மனிதர், புது இடம், முடிவெட்டு, டாக்டர் ஊசி, இப்படி ஒவ்வொன்றுக்கும் நடந்தது என்ன என்பதுதான் வேண்டும். அம்மா அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது தனி. 'பிடிவாதம்', 'பயந்தாங்கொள்ளி', 'அழுமூஞ்சி' எதற்கும் அந்தத் தாளில் இடமில்லை. பெற்றோர் சொன்னது சரிதானா என்று பார்க்க வேறு ஆட்கள் சில வீடுகளுக்குப் போய் நேரில் உட்கார்ந்து கவனித்து, ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகளில் முதல் 22 குழந்தைகளுடையதை எடுத்துக்கொண்டு ஹெர்பர்ட் பர்ச் என்கிற மூன்றாமவர் உட்கார்ந்தார். உளவியலும் மருத்துவமும் படித்த மனிதர், 1973இல் சீக்கிரமே காலமாகிவிட்டார். அந்தக் காகிதக் குவியலிலிருந்து எழுந்து வந்தவைதான் நான் போர்டில் எழுதிப்போட்ட ஒன்பது அம்சங்கள். துறுதுறுப்பு எவ்வளவு, பசி தூக்கம் வெளிக்குப் போவதில் நேர ஒழுங்கு உண்டா, புதியதைப் பார்த்தால் கிட்டே போகிறதா பின்வாங்குகிறதா, பழகிக்கொள்ள எவ்வளவு நாளாகிறது, சத்தம் வெளிச்சம் ஈரம் எவ்வளவு இருந்தால் உறைக்கிறது, சிரிப்போ அழுகையோ எவ்வளவு ஓங்கி வருகிறது, பொதுவாக எந்த மூடில் இருக்கிறது, கவனத்தை எளிதில் திருப்பிவிட முடியுமா, எடுத்ததை விடாமல் பிடித்திருக்கிறதா. அவ்வளவுதான். இதில் புத்திசாலித்தனம் இல்லை, நல்லது கெட்டது இல்லை. ஒரு குழந்தை ஒரு காரியத்தை எந்த விதத்தில் செய்கிறது என்பது மட்டும்.

இந்த ஒன்பதையும் சின்னவள் மேல் வைத்துப் பார். பின்வாங்குகிறாள், மெதுவாகப் பழகுகிறாள், நேர ஒழுங்கு இல்லை, எல்லாம் ஓங்கி. அவர்கள் 'கடினமான குழந்தை' என்று வகைப்படுத்திய கூட்டத்துக்கு இதுதான் லட்சணம். நூற்றுக்குப் பத்துப் பேர் அதில் வந்தார்கள். பெரியவன் மாதிரி 'எளிதான குழந்தை' நாற்பது பேர். சத்தம் போடாமல் ஒதுங்கி நின்று, மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொள்கிற ரகம் பதினைந்து. மிச்சம் முப்பத்தைந்து பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடங்காத ஒரு வகைப்பாட்டை நாங்கள் பரீட்சைக்கு வைத்து உருப்போட வைத்தோம், அது வேறு கதை.

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன், பயப்படாதே. முழுதாகப் படி. அந்தக் கடினமான குழந்தைகளில் 70 சதவீதம் பேருக்கு வளரும் வயதில் ஏதோ ஒரு நடத்தைச் சிக்கல் வந்தது. எளிதான குழந்தைகளில் 18 சதவீதம். இணையத்தில் தேடினால் இந்த எண் உன் கண்ணில் எப்படியும் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை லேசானவை, பலருக்கும் இளவயதுக்குள் சரியாகிவிட்டது. அப்புறம், மீதி 30 சதவீதம் பேருக்கு எதுவுமே வரவில்லை. அதே அலறல், அதே தூக்கமின்மை, அதே துப்பல். அவர்களுக்கு ஏன் வரவில்லை? எளிதாகப் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 18 பேருக்கு ஏன் வந்தது? செஸ்ஸும் தாமஸும் மிச்ச வாழ்நாளைச் செலவழித்தது இந்த இடத்தில்தான்.

அவர்களில் ஒரு பையனைப் பற்றி நான் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன், சிலபஸில் இல்லாவிட்டாலும். ஆய்வில் அவனுக்கு வைத்த புனைபெயர் கார்ல். மொத்தக் குழந்தைகளில் மிகக் கடினமானவர்கள் யார் என்று பார்த்தால் முன்வரிசையில் நிற்பவன். முதல் குளியலுக்குப் புயல், முதல் திட உணவுக்குப் புயல், நர்சரி தொடங்கியபோது, பள்ளி தொடங்கியபோது, முதல் பிறந்தநாள் விழாவுக்குப் போனபோது, முதல் தடவை கடைக்குக் கூட்டிப்போனபோது. ஒவ்வொன்றுக்கும் கத்திக் கதறித் திமிறி ஓடப் பார்ப்பான். ஆனால் அவன் பெற்றோர் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். புதியவற்றை ஒரே நேரத்தில் குவிக்காமல் ஒன்றிரண்டாகக் கொடுத்தால், திரும்பத் திரும்பக் கொடுத்தால், நடுவில் பதறாமல் இருந்தால், கடைசியில் பையன் வந்து சேர்ந்துவிடுவான். சேர்ந்த பிறகு முதலில் அழுத அதே வேகத்தோடு அந்தக் காரியத்தில் குதிப்பான். நாம் மோசமான பெற்றோர், அதனால்தான் இவன் கத்துகிறான் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அப்பாக்காரர் ஒரு படி மேலே போய், பையனின் கூச்சலைத் தெம்புக்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையிடம் இந்த இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டு.

கார்லுக்கு நடத்தைச் சிக்கல் எதுவும் வரவில்லை. ஒரே பேட்டை, ஒரே பள்ளிக்கூடம், கூடவே வளர்ந்த நண்பர்கள், பியானோ என்று சந்தோஷமாக வளர்ந்தான். பிறகு வீட்டை விட்டுக் கல்லூரிக்குப் போனான். முதல் பருவம் முடிந்ததும் செஸ்ஸிடம் பேச வேண்டும் என்று அவனே கேட்டு வந்தான். படிப்பு ஓடவில்லை, நண்பர்கள் இல்லை, மனசு சரியில்லை. "இது நானே இல்லை" என்றானாம். தன் குழந்தைப் பருவம் அவனுக்கு ஞாபகம் இல்லை. யாருக்குத்தான் இருக்கும்? ஆனால் செஸ்ஸின் அலமாரியில் அது முழுதும் இருந்தது, இரண்டு மாதக் குழந்தையாக இருந்த நாளிலிருந்து. புது ஊர், புது முகங்கள், புது விதமான பாடம், கூடவே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்த சிக்கல், எல்லாம் ஒரே நேரத்தில். சின்ன வயதில் அப்பா அம்மா ஒன்றொன்றாகப் பிரித்துக் கொடுத்ததை இப்போது உலகம் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. செஸ் அவனுக்கு அவனையே எடுத்துச் சொன்னார், ஒரே ஒரு சந்திப்பில். புதுப் பாடங்களைக் குறைப்பது, ஒவ்வொரு பாடத்துக்கும் தினமும் இவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்வது, கூச்சமாக இருந்தாலும் நண்பர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் உட்காருவது. இதையெல்லாம் அவன் தானாகவே செய்ய ஆரம்பித்தும் இருந்தான். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் சரியாகிவிட்டது. இனிமேலும் புதிதாக எது வந்தாலும் இப்படி நடக்கலாம் என்று எச்சரித்தபோது, "பரவாயில்லை, இப்போது எனக்குச் சமாளிக்கத் தெரியும்" என்றிருக்கிறான்.

கண்ணு, அவன் மாறிவிடவில்லை என்பதைக் கவனி. பதினெட்டு வயதிலும் அவன் புதியதைக் கண்டு மிரளுகிறவன்தான். சின்னவளும் ஒருநாள் பெரியவனைப் போல ஆகிவிடுவாள் என்று காத்திருக்காதே. அவள் அவளாகவே வளர்வாள்.

இன்னொரு பையன் நார்மன், இதுவும் புனைபெயர்தான். இவன் கதையைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். இனிமையான பையன், நல்ல மூளை. ஆனால் கவனம் சட்டென்று சிதறும், ஒரு வேலையில் நீண்ட நேரம் நிற்க முடியாது. அப்பா அதற்கு நேர் எதிர், உட்கார்ந்தால் முடிக்காமல் எழுந்திருக்காதவர். மகனின் சுபாவத்தை அவர் பொறுப்பின்மை என்றும் மன உறுதி இல்லாமை என்றும் எடுத்துக்கொண்டார். பையனுக்கு நாலரை வயதாக இருந்ததிலிருந்து செஸ் அவனைப் பார்த்து வந்திருக்கிறார். அப்பாவிடம் எடுத்துச் சொல்லியும் பார்த்தார், அவர் ஏற்கவில்லை. மூளையின் பலத்தில் சின்ன வகுப்புகளில் நன்றாகவே படித்தான். பதினேழு வயதில் ஒரே வருஷத்தில் இரண்டு கல்லூரிகளை விட்டுவிட்டு வந்து நின்றான். அப்பா தன்னை மதிப்பதில்லை என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மதிக்கிற மாதிரி தன்னிடம் என்ன இருக்கிறது என்றும் கேட்டான்.

கார்லின் குழந்தைப் பருவம் நார்மனுடையதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம். ஆனால் கார்ல் பிறந்த வீட்டில் அவனுக்கு இடம் இருந்தது. நார்மன் வேறொரு அப்பாவுக்குப் பிறந்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடு, நடுவில் எழுந்து ஓடிவிட்டு வரட்டும் என்று சொல்கிறவருக்குப் பிறந்திருந்தால், சாதாரணமாக வளர்ந்திருப்பான் என்றே நினைக்கிறேன். அப்பா கெட்டவர் இல்லை. மகன் மக்கும் இல்லை. ஒருவர் எதிர்பார்ப்புக்கும் இன்னொருவர் இயல்புக்கும் பொருந்தவில்லை. செஸ்ஸும் தாமஸும் கடைசியில் வந்து நின்றது இந்தப் பொருத்தத்தில்தான். பொருந்தாமல் போனால் அதைச் சரிசெய்யப் பெரியவர்கள்தான் நகர வேண்டும், நகர முடிகிறவர்கள் அவர்கள்தானே. 85 வயதில், 1999இல், இருவரும் சேர்ந்து எழுதி வெளியிட்ட புத்தகமும் இதைப் பற்றியதுதான். தாமஸ் 2003இல் போனார், செஸ் 2007இல், 93 வயதில்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எல்லாப் பொறுப்பும் மறுபடி என் தலையில்தானே?" என்று நீ கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதற்குத்தான் இப்போது தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வருகிறேன். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் எல்லாம் படித்த, வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்கள், பெரும்பாலும் யூதர்கள். இதை அவர்களே உணர்ந்து, நியூயார்க்கில் உழைத்துப் பிழைத்த போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களின் குழந்தைகள் 95 பேரையும் தனியாகப் பின்தொடர்ந்தார்கள். வசதியான வீடுகளில் ராத்திரி குறித்த நேரத்தில் விளக்கணைத்துவிட வேண்டும், குழந்தை தூங்கவில்லையென்றால் அது பெரிய பிரச்சினை, டாக்டரிடம் போவார்கள். போர்ட்டோ ரிக்கோ வீடுகளில் குழந்தை தூங்கும்போது தூங்கட்டும் என்று விட்டார்கள். அதே ஒழுங்கில்லாத தூக்கம், ஆனால் யாரும் அதை ஒரு சிக்கலாகவே கருதவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி காலையில் எழுப்ப வேண்டி வந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. மறுபக்கம் பார்த்தால், துறுதுறுவென்று ஓடுகிற குழந்தைகள் அந்தச் சின்ன அபார்ட்மெண்ட்டுகளில் திண்டாடினார்கள். தெரு ஆபத்தானது, வெளியே விட முடியாது. இடம் இருந்த வீடுகளில் அதே துறுதுறுப்பு யார் கண்ணிலும் படவில்லை.

ஆக, காலை எட்டேகாலுக்கு நீ ரயில் பிடிக்க வேண்டியிருப்பதும், இரண்டு அறை வீடும், ராத்திரி முறை மாற்றிக்கொள்ள மாமியாரோ நானோ பக்கத்தில் இல்லாததும் இந்தக் கணக்கில் சேரும். நம் வீட்டில் நீ பிறந்தபோது உன்னைத் தூக்க ஆறு கை இருந்தது. உன் இரண்டு கையையும் அந்த ஆறோடு ஒப்பிட்டுப் பார்க்காதே.

இதை எழுதும்போது மசாய் என்கிற ஆப்பிரிக்க மேய்ச்சல் பழங்குடியின் குழந்தைகள் ஞாபகம் வருகிறது. கென்யாவில் மார்ட்டன் டி விரீஸ் என்கிற ஆராய்ச்சியாளர் செஸ், தாமஸ் வழியில் எளிதான குழந்தைகள் கொஞ்சம், கடினமான குழந்தைகள் கொஞ்சம் என்று அடையாளம் கண்டு வைத்திருந்தார். அப்போது கொடும் பஞ்சம். திரும்பப் போய்த் தேடியபோது சாதுவான குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். ஓயாமல் அழுது ரகளை செய்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். அழுகிற பிள்ளைக்குத்தானே பால் கிடைக்கும்! கண்டுபிடிக்க முடிந்த குழந்தைகளின் எண்ணிக்கை மிகச் சிறியது, இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் உன் அத்தையிடம் சொல்வதற்கு நல்ல கதை.

எனக்கும் அந்தத் தம்பதியோடு ஒரு சண்டை உண்டு. அம்மாவைக் கேட்டுத்தான் பாதி விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். தூக்கமில்லாத ஓர் அம்மாவின் கணக்கில் பத்து நிமிஷ அழுகை ஒரு மணி நேரமாகும். நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் சரி, இருந்தாலும் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இதைக் கேள்வி கேட்டது நியாயம்தான். ஒன்பது அம்சங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்று குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஜெரோம் ககன் போன்றவர்கள் குழந்தைகளை ஆராய்ச்சிக்கூடத்தில் உட்காரவைத்து, கையும் காலும் எவ்வளவு உதைக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் போனார்கள். எண்ணட்டும். "என்ன செய்தது?" என்று அம்மாவிடம் பொறுமையாகக் கேட்ட அந்தக் கேள்விக்கு ஈடாக எனக்கு இன்னும் எதுவும் தென்படவில்லை.

அதையே நீயும் செய். ஃபோனில் ஒரு நோட் திறந்துகொள். 'இன்றைக்கும் அழுதாள்' என்று எழுதாதே. எது புதிதாக வந்தது, அவள் என்ன செய்தாள், எத்தனாவது தடவையில் அடங்கினாள், இவ்வளவு போதும். கேரட்டை விடாதே, ஒரு ஸ்பூன் மட்டும், நாலு நாளைக்கு ஒருமுறை, துப்பினால் துடைத்துவிட்டுப் பேசாமல் இரு. கேரட் கொடுக்கிற வாரத்தில் புதுச் சட்டை, புது பாட்டில், புது ஆள் எதுவும் வேண்டாம்.

அடுத்த மாதம் டே கேர் என்றாய். சேர்க்கிற நாளுக்கு முன்னால் தினமும் அரை மணி நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வர விடுவார்களா என்று கேட்டுப் பார். விடுவார்கள். ஒரே ஆயாம்மாவிடம் கொடுக்கச் சொல். நீ ஆபீஸில் புது டீமுக்கு மாறுவதும் அதே மாதம்தான் என்றாயே, அதை ஒரு மாதம் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவை. அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் அழுவாள், கதவைத் தாண்டித் தெருவுக்கே கேட்கும். டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு: "இவள் முதலில் இப்படித்தான், பழகிவிட்டால் விடமாட்டாள்." அதைச் சொல்லும்போது தலை குனியாதே.

உன் அத்தையிடம் சண்டைக்குப் போகாதே. அவர் அவர் காலத்து அறிவைச் சொல்கிறார். இந்தக் கடிதத்தில் வேண்டிய பாகத்தை மட்டும் அவருக்கு அனுப்பு, ஃப்ரிட்ஜ் அம்மா இருக்கிற பத்தியை எடுத்துவிட்டு.

நான் ஏப்ரலில் வருவதைப் பற்றியும் பேச வேண்டும். அவளுக்கு நான் புது ஆள்தான், வீடியோ காலில் பார்த்த முகத்தை நேரில் பார்த்தால் இன்னும் மிரளுவாள். வந்து இறங்கியதும் "பாட்டி பாரு, பாட்டிகிட்ட போ" என்று என் கையில் திணிக்க வேண்டாம். நான் சோபாவில் உட்கார்ந்து பெரியவனோடு விளையாடிக்கொண்டிருப்பேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகட்டும். அதற்குள் சமையல், துணி, ராத்திரி நீ தூங்குவது, இதையெல்லாம் நான் கவனித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை டிக்கெட் பார்க்கும்போது நடுராத்திரியில் விமானம் மாறுகிற மாதிரி போட வேண்டாம் என்று சொல், என் முழங்கால் தாங்காது. பெரியவனுக்கு முறுக்கு கொண்டுவருகிறேன். வேறு ஏதாவது வேண்டுமானால் இப்போதே லிஸ்ட் அனுப்பு, கடைசி நேரத்தில் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா